ஏசிக்கு நேர் கீழே

இப்படி உக்காருங்க தம்பி. அந்தப் பையை நான் மடியில வெச்சுக்கறேன். ஒண்ணுமில்லீங்க, ஃப்ளாஸ்க்குல கொஞ்சம் மொளகு ரசமும், திருநீறு மடிச்ச ஒரு பொட்டணமும்தான். நாலரைக்குத்தான் உள்ள விடுவாங்க. அதுக்கு முன்னாடி நீங்க குட்டிக்கரணம் அடிச்சாலும் அந்த நர்சம்மா கதவைத் தொறக்காது. உங்களுக்கு ஆருங்க உள்ள? அப்பாவா? பீடியா? அட கெரகமே. ஆனாப் பாருங்க, பீடி குடிச்ச மனுசனுக்கு நெஞ்சு கெட்டா அதுல ஒரு நியாயம் இருக்குது. நமக்கு உள்ள கெடக்கறது என்ற தங்கச்சி மக, சிந்துஜா. இருவத்தி நாலு வயசு. பீடி வாசம்கூட அறியாத புள்ளை. அது காத்துக்கு வாயைத் தொறந்துட்டுக் கெடக்குதுன்னா நான் என்னத்தைச் சொல்ல?

டாக்டர் என்ன சொல்றாருன்னு கேக்கறீங்களா? சொன்னாச் சிரிப்பீங்க. பிரிண்டராமுங்க. ஆமாங்க, ஆபீஸ்ல காயிதம் அடிக்கற பிரிண்டர். அதுல இருந்து கண்ணுக்குத் தெரியாத பொடி வருதாம், அது நெஞ்சுக்குள்ள போய் உக்காந்துக்குதாம். "உறுதியாச் சொல்ல முடியாதுங்க, ஏற்கனவே லேசா ஆஸ்துமா இருந்திருக்கலாம், ஆனா அந்த ரூம்புல காத்தோட்டமே இல்லைங்கறாங்க, எனக்குச் சந்தேகமா இருக்குது"ங்கறார். உறுதியாச் சொல்ல முடியாததை எதுக்குங்க சொல்லோணும்? சின்ன வயசு டாக்டர். இப்படித்தான் நாலு பேர்கிட்டச் சொல்லி நாலு கம்பெனியை மூட வெப்பாங்க.

நான் சொல்றது அந்த ஆபீஸைத் தெரிஞ்சு சொல்றதுங்க. நாந்தான் அங்க மேனேஜர். திருப்பூர்ல பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனி. சென்னியப்பன்னு அந்தத் தெருவுல டீக்கடையில கேட்டாக் கூடச் சொல்லுவாங்க. பனியன் தைக்கறது கீழ. காயிதம் அடிக்கறது மேல. பனியன் கப்பல்ல ஏறோணும்னா இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட்டு, அந்தச் சான்று, இந்தச் சான்றுன்னு ஒவ்வொண்ணும் அத்தனை காப்பி வேணும். சரக்கு போற நாள்ல பிரிண்டர் மெஷினு காலையில பிடிச்சா பொழுது உழுகற வரைக்கும் நிக்காது. தொட்டாச் சுடும்.

மொதல்ல அந்த மெஷினு படிக்கட்டுக்குப் பக்கத்துல வராண்டாவுலதான் நின்னுச்சு. ரோட்டுத் தூசி, கீழ இருந்து வர்ற பஞ்சுத் தூசி, எல்லாம் அது தலையிலதான். மாசத்துக்கு நாலு வாட்டி காயிதம் சிக்கிக்கும். சர்வீஸுக்கு வர்ற ஜாஃபர் சொன்னான், "சார், மெஷினுக்குத் தூசி ஆகாது, ஏசி ரூமுக்கு மாத்துங்க"ன்னு. மொதலாளியும் சரின்னுட்டார். நான் ஒரு வேலையை எடுத்தேன்னா அரைகுறையா விடமாட்டேனுங்க. ஏசி ரூம்புல ரெண்டு சன்னல். ரெண்டையும் சாத்தி, சந்துக்கெல்லாம் பசை வெச்சு அடைச்சு, மேல டேப்பும் ஒட்டினேன். எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டை ஒண்ணு இருந்துச்சு. ஃபேனைக் கழட்டிட்டு அட்டையை வெச்சு அடைச்சேன். ஒரு எறும்பு நுழையாது. அதுக்கப்பறம் மெஷினுக்கு ஒரு சீக்கு உண்டுங்களா? ஒரு காயிதம் சிக்குச்சுங்களா? இன்னைக்கு வரைக்கும் புதுப் பொண்ணாட்டம் நிக்குது.

அந்த ரூம்புல, ஏசிக்கு நேர் கீழ, மெஷினை ஒட்டினாப்பல ஒரு சீட்டு. தம்பி, திருப்பூர் வெயிலைப் பத்தி உங்களுக்குத் தெரியும். சித்திரை மாசம் அந்தச் சீட்டுல உக்காந்தா சால்வை வேணும். அதுல ராஜாமணின்னு ஒரு அம்மா பல வருசமா உக்காந்திருந்துச்சு. இருமிக்கிட்டேதான் இருக்கும், ஆனா வேலையில ஒரு கொறை சொல்ல முடியாது. அந்த டாக்டர்கிட்ட நான் சொன்னேன், "ஏனுங்க, எங்க ராஜாமணி அதே சீட்டுல அத்தனை வருசம் இருந்துச்சே, அதுக்கு ஒண்ணும் ஆகலையே"ன்னு. "இப்ப அவங்க எப்படி இருக்காங்க?"ன்னார். போன தை மாசம் போய்ச் சேந்துட்டா. அது வேற சீக்குங்க. நெஞ்சுலதான், ஆனா வேற.

ராஜாமணி வேலையை விட்டு நின்னதும் அந்தச் சீட்டுக்கு ஆபீஸே அடிச்சுக்குச்சு. அக்கவுண்ட்ஸ் பாக்கற தனசேகரன் எனக்கு வேணும்ங்கறான். ஷிப்பிங் பாக்கற கீதாலட்சுமி எனக்கு வேணும்ங்குது. நான் ஒரே போடாப் போட்டேன்: "அது சிந்துஜாவுக்கு." சொந்தக்காரப் புள்ளைக்குக் குடுத்துட்டான்னு பொறவால பேசுனாங்க. பேசட்டும்.

ஏன் அப்படி நின்னேன்னு கேளுங்க. என்ற தங்கச்சி ருக்குமணி, புருசன் செத்ததுல இருந்து பனியன் கம்பெனியில ஓவர்லாக் தையல் மெஷின்ல உக்காந்தவ. பஞ்சுத் தூசியிலயே கெடந்து சீரழிஞ்சா. சாயங்காலம் அவ தலையைப் பாத்தா வெள்ளையா நரைச்ச மாதிரி இருக்கும். உதறுனா பஞ்சு. அவ மக ஒரு நாளும் அந்தத் தூசியில உக்காரக் கூடாது, தூசியே நுழையாத ரூம்புல ராணியாட்டம் உக்காரோணும்னு நான் மனசுல முடிபோட்டு வெச்சிருந்தேன். உக்கார வெச்சேன். அன்னைக்கு ருக்குமணி என்ற கையைப் பிடிச்சுட்டு அழுதா. நானும் அழுதேன், எனக்கென்ன வெக்கம்.

ரெண்டு மாசம் போச்சுங்க. புள்ளை வந்து, "மாமா, கண்ணு எரியுது"ங்குது. தூங்கு, சரியாப் போயிடும்னேன். "மாமா, தொண்டை கமறுது"ங்குது. ஏசி ஒத்துக்கலை, சுடுதண்ணி குடின்னேன். "மாமா, மெஷினு ஓடுனா ஒரு வாசம் வருது, தலை வலிக்குது"ங்குது. வாசம் வரும்தான். இடி மின்னலுக்கு அப்பறம் ஒரு வாசம் வருமே, அந்த மாதிரி. ஓடற மெஷினுன்னா வாசம் வராதுங்களா? சோத்துக் குண்டாவுலயே வாசம் வருது.

அப்பறம் இந்த டோனர் பஞ்சாயத்து, பிரிண்டருக்குப் போடற மைப் பொடிங்க. புதுசு வாங்குனாக் கட்டுபடியாகாதுன்னு ஜாஃபரே வந்து பழைய டப்பாவைக் கழட்டிப் பவுடர் ரொப்பித் தருவான். சிந்துஜா டேபிள் மேலதான் ரொப்புவான், அங்கதான் டியூப்லைட் வெளிச்சம் இருக்குது. பேப்பரை விரிச்சு, டப்பாவைத் தட்டி, மிச்சப் பொடியை ஒரு ஊதற மெஷினு வெச்சு ஊதுவான். மூஞ்சியில துண்டைக் கட்டிக்குவான், கொள்ளையடிக்க வந்தவனாட்டம். நான் அவனைக் கிண்டல் பண்ணுவேன், "ஏப்பா, எந்த பேங்குக்கு?"ன்னு. இந்தப் புள்ளை கேக்குது, "மாமா, அதை வராண்டாவுல வெச்சுப் பண்ணச் சொல்லக் கூடாதா?" அட மசக் கழுதை, வராண்டாவுல காத்தடிக்குது, பவுடர் பறந்து வீணாப் போயிடும்னேன். பேசாத புள்ளைங்க அது. அப்பன் இல்லாத புள்ளை, மாமன் சொன்னா மறு பேச்சு இல்லை.

ஒரு நாள் நான் ஈரோடு போயிட்டு வந்து பாக்கறேன், இது டேபிளைத் தூக்கிட்டுப் போய் வெளிய படிக்கட்டுத் திருப்பத்துல போட்டு உக்காந்திருக்குது. வெயில் மொகத்துல அடிக்குது, வாட்ச்மேன் பக்கத்துல சோத்துப் போசியைத் தொறந்து வெச்சுட்டு உக்காந்திருக்கான். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல ஆயிப்போச்சு. தனசேகரன் மூஞ்சியில அப்படி ஒரு சிரிப்பு. மேனேஜர் வாங்கிக் குடுத்த சீட்டு மேனேஜர் ஊட்டுப் புள்ளைக்கே வேண்டாமாம்! "இங்க இருந்தா இருமல் வர்றதில்லை மாமா"ங்குது. வெயில்ல இருந்தாச் சளி இளகும், அதுல நின்னிருக்கும். அதை அதுக்குப் புரிய வெக்க எனக்குப் பெரும்பாடு ஆயிப்போச்சு. அன்னைக்குச் சாயங்காலமே டேபிளை உள்ள போட்டாச்சு. ருக்குமணிகிட்டயும் சொல்லிட்டேன், "உன்ற மகளுக்குச் சுகம் ஒத்துக்கலை"ன்னு. அவளும் வீட்டுல நாலு சாத்துச் சாத்துனாளாம்.

இருங்க, இந்த இருமல் நின்னுக்கட்டும். எனக்கு வேற ஒண்ணுமில்லீங்க, வயசு. கர்ச்சீப்பு இப்படிக் கருப்பா இருக்குதேன்னு பாக்காதீங்க. பஸ்ல வந்தது. திருப்பூர் கோயமுத்தூர் ரோடு அப்படி.

எங்க விட்டேன்? ஆங். அப்பறம் ஒரு டாக்டர்கிட்டத் தாயும் மகளும் எனக்குத் தெரியாமப் போயிருக்காங்க. அவர் வாயில வெச்சு அடிக்கற மருந்தைக் குடுத்துட்டார். உங்கப்பா வெச்சிருப்பாரே, அதே சாமான். அதை இது ஆபீஸ்ல, எல்லாரும் பாக்க, டேபிள் மேலயே வெச்சிருக்குது! எனக்கு ஈரக்கொலை நடுங்கிப் போச்சு தம்பி. ஏன்னா அப்பத்தான் அவிநாசிப் பக்கம் ஒரு நல்ல சம்பந்தம் வந்திருந்துச்சு. மாப்பிளைக்குச் சொந்தமாத் தறி ஓடுது. மாப்பிளையோட அத்தை எங்க பேக்கிங் செக்சன்லயே வேலை செய்யுது. பொண்ணுக்கு மூச்சுக் கோளாறுன்னு ஒரு வார்த்தை போனா எவன் கட்டுவான்? நான் நல்லவிதமாத்தான் சொன்னேன். "அம்மிணி, இதை இங்க அடிக்காதே. பையில போட்டு வெச்சுக்க. முடியலைன்னா கீழ பாத்ரூம்புக்குப் போய் அடிச்சுட்டு வா. கலியாணம் முடிஞ்சா உன்ற புருசன் பாடு, உன்ற பாடு." சரிங்க மாமான்னு சொல்லுச்சு. அன்னைல இருந்து நானே ஒரு தடவையும் பாத்ததில்லை. அவ்வளவு கெட்டிக்காரப் புள்ளை.

ஆனாலும் இருமல் மட்டும் நிக்கலை. எனக்கு வெசனந்தான். மேனேஜர்னா நெஞ்சு கல்லுன்னு நெனச்சுக்கறாங்க, எனக்கு ராத்திரியில சோறு எறங்கலை. யோசிச்சுப் பாத்தேன். அந்தச் சீட்டு மேல ஆபீஸே கண்ணு வெச்சதுங்களே. தனசேகரன் கண்ணு ஒண்ணு போதும், பச்சை மரம் பட்டுப் போகும். கண்ணேறுதான்னு எனக்குத் தட்டுப்பட்டுச்சு.

எங்க ஆபீஸ்ல வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடறது வழக்கமுங்க. மொதலாளி சாமி படத்துக்கு, கல்லாப் பெட்டிக்கு, மெஷினுக்கு. மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வெச்சுத்தான் சுவிட்சே போடுவோம். அந்த வெள்ளிக்கிழமை நான் கருங்குங்கிலியம், வெண்கடுகு எல்லாம் சேத்து வாங்கிட்டுப் போய், நானே கரண்டியில கங்கு எடுத்து, ரூம்புக் கதவைச் சாத்திட்டு, அந்தச் சீட்டைச் சுத்தி நெறையாப் போட்டேன். பக்கத்துல இருக்கறவங்க மூஞ்சி தெரியலை, அத்தனை பொகை. சிந்துஜாவை உக்கார வெச்சு அது தலையைச் சுத்தி மூணு வாட்டி. புள்ளை கண்ணுல தண்ணி தாரையா ஊத்துது. பாத்தீங்களா, திருஷ்டி கழியுதுன்னு எல்லாருக்கும் காட்டினேன்.

அன்னைக்குச் சரக்கு போற நாள். தூத்துக்குடிக்குக் கன்டெய்னர் காத்துட்டு நிக்குது. மெஷினு காலையில பிடிச்சது நிக்கவே இல்லை. மத்தியானம் வாக்குல இது எந்திரிச்சுது. கைப்பையை எடுத்துட்டு, சொவத்தைப் பிடிச்சுட்டு வெளிய போச்சு. பாத்ரூம்புக்குன்னு நெனச்சேன். அதுக்குத்தான் போயிருக்குது. படி எறங்க முடியலை. அன்னைக்கு டேபிள் போட்டிருந்துச்சே, அதே திருப்பத்துல உக்காந்துடுச்சு. வாட்ச்மேன் கத்தறான். ஓடிப் போய்ப் பாத்தா ஒதடு நாவப்பழமாட்டம் இருக்குது. கை பையைத் துழாவுது. ஜிப்பைத் தொறக்கத் தெம்பில்லை. பேக்கிங் செக்சன்ல இருந்து அந்த அத்தை வேற எட்டிப் பாக்குது.

நான் வேற ஆரையும் எதிர்பாக்கலை தம்பி. இந்த வயசுல, நாந்தான், அதை ரெண்டு கையிலயும் அள்ளித் தூக்கிட்டு மேல ஏறினேன். நேரா ஏசி ரூம்பு. அது சீட்டுலயே உக்கார வெச்சேன். ஏசியைக் கூட்டி வெக்கச் சொன்னேன். குளிர்ச்சி வெளிய போயிடக் கூடாதுன்னு கதவைச் சாத்தச் சொன்னேன். "இனிப் பயமில்லை கண்ணு, நல்லா மூச்சு இழு"ன்னேன். அது தலையைத் தலையை ஆட்டுது. கதவைக் கதவைக் காட்டுது. அந்த அத்தை பாத்துடுச்சேன்னு வெக்கப்படுதுன்னு நெனச்சு, "அதெல்லாம் நான் பாத்துக்கறேன், நீ இழு"ன்னேன். எத்தனை இழுத்தும் அதுக்குப் பத்தலை. அப்பறம் கண்ணு மேல சொருகிடுச்சு.

கீதாலட்சுமிதான் கதவை ஒதைச்சுத் தொறந்துட்டு ஆம்புலன்சுக்குச் சொல்லுச்சு. இங்க வந்ததும் ரெண்டு நாள் மூக்குல வாயில கொழாய். இன்னும் கொஞ்சம் நேரம் அந்த ரூம்புலயே இருந்திருந்தா அவ்வளவுதான்னு டாக்டர் சொன்னாராம். நல்லவேளை, நான் தூக்கிட்டு மேல போனேன். படியிலயே கெடந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனைக்கவே நடுங்குது.

அவிநாசிக்காரங்களுக்கு டெங்குக் காய்ச்சல்னு சொல்லி வெச்சிருக்கேன். போன் பண்ணினா எடுக்க மாட்டேங்கறாங்க. தறி சத்தத்துல கேக்காது.

இப்பத் தேவலைங்க. ஆனா ஒரு அதிசயம் சொல்றேன் கேளுங்க. பகலெல்லாம் அமைதியாக் கெடக்குமாம். சாயங்காலம் நான் ஆபீஸ்ல இருந்து நேரா வந்து கட்டிலுக்குப் பக்கத்துல நின்னேன்னா போதும், அதுக்கு நெஞ்சு ஏறி எறங்க ஆரம்பிச்சுடும். இருமும். கண்ணுல தண்ணி வந்துடும். மாமனைப் பாத்ததும் பாசம் பொங்கிடுதுங்க. பேச முடியாது, மூஞ்சியில மாஸ்க் இருக்குது. கையை மட்டும் ஆட்டும், போங்க போங்கன்னு. நான் வேலையில இருந்து பட்டினியா வந்திருக்கேனாம், போய்ச் சாப்பிடுங்கன்னு சொல்லுது. அந்த நெலைமையிலயும் அதுக்கு என்ற வயிறு ஞாபகம். இப்படி ஒரு புள்ளையை எங்க பாப்பீங்க?

அந்த நர்சம்மாவுக்கு இதெல்லாம் எங்க வெளங்குது? "சார், உங்க சட்டையில என்னமோ வாசம் வருது, வீட்டுக்குப் போய்க் குளிச்சுத் துணி மாத்திட்டு வாங்க"ங்குது. நான் தெனமும் சலவை வெச்ச வெள்ளைச் சட்டை போடறவன். என்கிட்டப் பேசற பேச்சா இது? வீட்டுக்குப் போய்ட்டு வந்தா நாலரை தாண்டிடும். புள்ளை என்னைக் காணோம்னு தவிச்சுப் போயிடாதா?

அந்தச் சீட்டைப் பத்தி அதுக்கு ஒரு கவலை வேண்டாம்னு சொல்லிட்டேன். தனசேகரன் கேட்டான். துண்டைப் போட்டு வெச்சாப் பத்தாதுன்னு இப்ப நானே அங்க போய் உக்காந்துக்கறேன். காலையில இருந்து இங்க பஸ் ஏறற வரைக்கும் அந்தச் சீட்டு சூடு ஆறாமப் பாத்துக்கறேன். இந்த டாக்டர் இனி அந்த ரூம்புக்கே போகக் கூடாதுங்கறார். அவர் சொல்லிட்டுப் போயிடுவார். தகப்பன் இல்லாத புள்ளைக்கு ஏசி ரூம்பு வேலையை அவரா வாங்கித் தருவார்? ருக்குமணிகிட்டக் கண்டிசனாச் சொல்லியாச்சு. டிஸ்சார்ஜ் ஆனா ஒரு வாரம் வீட்டுல. அப்பறம் நானே வண்டியில கூட்டிட்டுப் போய் உக்கார வெப்பேன். ருக்குமணி சீலைத் தலைப்பை வாயில வெச்சுட்டுக் கீழயே பாத்துட்டு நின்னா. சம்மதம்னுதானே அர்த்தம்.

இன்னைக்கு வெள்ளிக்கிழமைங்களா, காலையில அது பேரைச் சொல்லி அந்தச் சீட்டுக்கு இன்னும் நல்லாச் சாம்பிராணி போட்டேன். கதவைச் சாத்திட்டுத்தான். இந்தச் சட்டையைப் பாருங்க, இன்னும் கமகமன்னு இருக்குது. அந்தச் சாம்பலைத்தான் திருநீறோட சேத்து மடிச்சு எடுத்தாந்திருக்கேன். மூஞ்சிக்கு நேரா ஒரு சிட்டிகை ஊதி விட்டாப் போதும்.

ஆ, கதவைத் தொறந்துட்டாங்க. அதோ வர்றாளே, அவதான் என்ற தங்கச்சி. என்ன ருக்குமணி? இன்னைக்கு நான் உள்ள வர வேண்டாமா? ஏன்? இப்பத்தான் தூங்குதா? அட, என்னைப் பாக்காம அது எங்க தூங்கப் போகுது. எதுக்கு என்ற கையைப் பிடிக்கறே? விடு. என்னது, கையெடுத்துக் கும்பிட்டுக்கிட்டு? நாலு பேர் பாக்கறாங்க, கண்ணைத் தொடை. நான் இருக்கற வரைக்கும் அதுக்கு ஒண்ணும் ஆகாது.

தம்பி, நான் பையை எடுத்துட்டு உள்ள போறேன். பழமை பேசுனதுல பொழுது போனதே தெரியலை. சித்த நேரத்துல உள்ள இருந்து இருமற சத்தம் கேக்கும். பயந்துக்காதீங்க. மாமன் வந்துட்டேன்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அர்த்தம்.